அம்மாவின் கேஸ்ட்ரிக் மாத்திரையை யார் நிறுத்துவது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நிமோனியா வந்து ஒரு வாரம் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த மருந்துப் பையில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பாண்டொப்ரசோல் 40 மில்லிகிராம் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை மாதாமாதம் வாங்கிச் சாப்பிடுகிறார். அம்மாவுக்கு வயிற்றுக் கோளாறு என்று எதுவும் இருந்ததே இல்லையாம். இப்போது வாட்ஸ்அப்பில், இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், எலும்பை உளுக்க வைக்கும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. நிறுத்திவிடலாமா, ஆஸ்பத்திரியில் ஏன் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இதைக் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு வாரத்துக்கு வேண்டிய மருந்து இரண்டு வருடம் ஓடியிருக்கிறதே, நடுவில் எத்தனை டாக்டர் பார்த்தார்கள், ஒருவர்கூட ஏன் ‘இது எதற்கு’ என்று கேட்கவில்லை? அதற்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பேராக் மாநில ஆஸ்பத்திரிகளில் 27 வருடம் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட் எதையும் பார்த்ததும் இல்லை. அதனால் ‘நாளைக்கே நிறுத்துங்கள்’ என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். யாரிடம், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் மருந்தைப் பற்றி. இது நல்ல மருந்து. ஒமெப்ரசோல் 1988-ல் சுவீடனில் விற்பனைக்கு வந்தது. பாண்டொப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் அதன் தம்பிகள். வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைத்து ஊற்றும் குட்டிப் பம்புகள் உண்டு. இந்த மருந்து அந்தப் பம்பைப் பிடித்தால் விடாது. உடம்பு புதுப் பம்பு செய்தால்தான் மறுபடி அமிலம் ஊறும். அதனால்தான் மருந்து சில மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் போய்விட்டாலும் வேலை ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் சாப்பிடச் சொல்வதும் இதற்காகத்தான். சாப்பாடு வரப்போகிறது என்று பம்புகள் எழுந்திருக்கும்போதுதான் மருந்தால் அவற்றைப் பிடிக்க முடியும். நம் ஆட்களில் பாதிப் பேர் காலைப் பசியாறிவிட்டு எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அது வேறு கதை.

சரி, வயிற்றுக் கோளாறே இல்லாத அம்மாவுக்கு ஏன் கொடுத்தார்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடுகிறவர்களுக்கு வயிற்றில் திடீரென்று புண் வந்து ரத்தம் கசிவது உண்டு. அதைத் தடுக்க இந்த மருந்தைக் கொடுக்கலாம். யாருக்கு அந்த ஆபத்து என்பதை கனடாவின் டெபோரா குக் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1994-லேயே கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். தீவிர சிகிச்சையில் இருந்த 2,252 பேரைப் பார்த்தார்கள். இரண்டு நாளுக்கு மேல் மூச்சுக் கருவியில் இருந்தவர்கள், ரத்தம் உறையும் தன்மை குறைந்தவர்கள், இந்த இரண்டு வகையில் வந்தவர்களில் 3.7 சதவீதம் பேருக்குக் கடுமையான ரத்தக்கசிவு. இரண்டிலும் சேராத 1,405 பேரில் எத்தனை பேருக்கு? இரண்டே பேருக்கு. இத்தனைக்கும் இவர்கள் எல்லாருமே தீவிர சிகிச்சை நோயாளிகள். சாதாரண வார்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டு, மகளிடம் மைலோ கலக்கச் சொல்லும் ஒருவருக்கு அந்த ஆபத்து எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதே குக் 2024-ல் இன்னொரு பெரிய சோதனையையும் வெளியிட்டார். மூச்சுக் கருவியில் இருந்த 4,821 பேர். பாண்டொப்ரசோல் வாங்கியவர்களில் 1 சதவீதத்துக்கும் வெறும் மருந்து, அதாவது மருந்தே கலக்காத போலி மருந்து, வாங்கியவர்களில் 3.5 சதவீதத்துக்கும் ரத்தக்கசிவு. இறப்பில் வித்தியாசம் இல்லை. ஆக, வேண்டியவர்களுக்கு மருந்து வேலை செய்கிறது. இதில் சந்தேகமே இல்லை.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவின் பழக்கம் மெல்ல நடந்து வார்டுக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் புது நோயாளி வருகிறார். எழுதுகிறவர் ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி டாக்டர், வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆன்டிபயாடிக் எழுதுகிறார், காய்ச்சல் மருந்து எழுதுகிறார், அப்புறம் கை தானாகவே ‘பாண்டொப்ரசோல் 40’ என்று எழுதிவிடுகிறது. எழுதியதற்காக யாரும் அவரைத் திட்டப்போவதில்லை. எழுதாமல் விட்டு, நோயாளி ரத்தம் கக்கிவிட்டால்? காலை ரவுண்டில் நிபுணர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். மருந்துத் தாள் நிரம்பினால் இன்னொரு ஹவுஸ்மேன் பழையதைப் பார்த்துப் புதுத் தாளில் அப்படியே எழுதுவார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மூன்றாவது ஆள் அந்தத் தாளைப் பார்த்து மருந்துச்சீட்டு எழுதுவார். அந்தச் சீட்டோடு நோயாளி கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்கு, போவார். அங்கே ஒரு காலையில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். டாக்டர் பிரஷரைப் பார்ப்பார், சக்கரையைப் பார்ப்பார், ‘சம்போங் ஊபாட்’, மருந்தைத் தொடருங்கள், என்பார். பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ காரணத்தோடுதான் கொடுத்திருப்பார்கள், நாம் ஏன் கை வைப்பது என்று அவர் நினைப்பதிலும் நியாயம் உண்டு. மருந்தை ஆரம்பித்தவர் அதற்குள் வேறு மாநிலத்துக்கு மாறிப் போயிருப்பார். நடந்தது இவ்வளவுதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, கம்பெனிக்காரன் சூழ்ச்சியும் வேண்டாம். ஆரம்பிக்க ஒரு கை இருந்தது, நிறுத்துவது யாருடைய வேலை என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

பழியில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மலேசியத் தமிழில் ‘கேஸ்ட்ரிக்’ ஒரு நோயின் பெயராகவே ஆகிவிட்டது. என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. ஒரு கோப்பை கோப்பி ஓ குடித்துவிட்டுக் காட்டுக்குள் போனால் பால் நிறுத்து முடிக்கும்வரை வயிறு காயும். பத்து மணிக்கு மேல்தான் சோறு. நெஞ்செரிச்சலுக்குத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் வீட்டிலிருந்து ஒரு காலிப் போத்தலை எடுத்துப் போனால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை மருந்தை ஊற்றிக் கொடுப்பார். அதனால் வயிறு என்றால் நம் வீடுகளில் ஒரு பயம் பரம்பரையாக வந்துவிட்டது. ‘இத்தனை மாத்திரை சாப்பிட்டால் கேஸ்ட்ரிக் வராதா மிசி? அதுக்கும் ஒண்ணு கொடுங்க’ என்று என் கவுண்டரில் கேட்காத நாளே கிடையாது. மாத்திரை நிறைய என்பதால் வயிற்றில் புண் வராது. எந்த மாத்திரை என்பதுதான் கணக்கு. பிரஷர் மாத்திரை பத்து சாப்பிட்டாலும் புண் வராது. மூட்டு வலி மாத்திரை ஒன்றே போதும், புண் வர.

எனவே நிறுத்துவதைப் பற்றி யோசிக்குமுன் அம்மா வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். இருதயத்துக்குக் கார்டிபிரின் சாப்பிடுகிறாரா? அது ஆஸ்பிரின். அதோடு குளோபிடோக்ரெலும் சேர்ந்திருந்தால், அல்லது வார்ஃபரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மருந்து இருந்தால், இந்த வயதில் வயிற்றைக் காப்பாற்ற பாண்டொப்ரசோல் வேண்டியிருக்கலாம். முன்னால் எப்போதாவது புண் வந்து ரத்தம் போயிருந்தாலும் அப்படித்தான். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக், மெஃபெனமிக் ஆசிட் என்று தனியார் கிளினிக்கில் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். பாசார் மாலாமில், ராத்திரிச் சந்தையில், விற்கும் ஜாமு, மூலிகை உருண்டை எதையாவது ரகசியமாகச் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வலிக்கு விற்கும் அந்தச் சரக்குகளில் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் கலந்து விற்று, சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அப்படி எதுவும் இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது அந்த உருண்டையை.

இப்போது அந்த வீடியோ. அதில் சொன்னதில் கொஞ்சம் உண்மை, கொஞ்சம் புகை. உறுதியாகச் சொல்லக்கூடியது: வயிற்று அமிலம் கிருமிக்கு ஒரு காவல், அது குறைந்தால் குடல் தொற்று கொஞ்சம் கூடும். 17,000-க்கு மேற்பட்டவர்களை மூன்று வருடம் பாண்டொப்ரசோல், வெறும் மருந்து என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்த சோதனை 2019-ல் வெளிவந்தது. குடல் தொற்று வெறும் மருந்துக்காரர்களில் 1 சதவீதம், பாண்டொப்ரசோல்காரர்களில் 1.4 சதவீதம். வித்தியாசம் சின்னது, ஆனால் உண்மையானது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் அபூர்வமாகச் சிலருக்கு ரத்தத்தில் மக்னீசியம் ரொம்பக் குறைந்துவிடும். கெண்டைக்கால் இழுக்கும், இருதயம் தாளம் தப்பும். தண்ணி மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கிட்னியில் ஒவ்வாமை மாதிரி ஒரு வீக்கம் வருவதும் உண்டு, அதுவும் அபூர்வம்.

சந்தேகமானது: நாளாவட்டத்தில் கிட்னி பழுதாகும், எலும்பு முறியும், மறதி நோய் வரும் என்பவை. இவை பெரும்பாலும் நோயாளிப் பதிவேடுகளைப் புரட்டி எடுத்த கணக்குகள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே வயதானவர்கள், பல நோய்க்காரர்கள். டிரசரிடம் போனவர்களில்தான் நிறையப் பேர் செத்தார்கள் என்று தோட்டக் கணக்கில் இருந்தால், டிரசர்தான் கொன்றார் என்று சொல்லிவிட முடியுமா? நான் சொன்ன 2019 சோதனையில் கிட்னி, எலும்பு முறிவு, மறதி, நிமோனியா எதிலும் இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மூன்று வருடம்தான் பார்த்தார்கள், பத்து வருடத்துக்கு அது பதில் சொல்லாது. எலும்பு முறிவு விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-ல் எச்சரிக்கை கொடுத்தது, அதனால் ஏற்கெனவே எலும்பு மெலிந்த பெண்களுக்கு நான் கொஞ்சம் கவனம் சொல்வேன். பயப்படச் சொல்ல மாட்டேன்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று இருக்கிறது, வீடியோக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் சுமார் 31 சதவீதம் பேருக்குச் சக்கரை நோய். அவர்களில் பலர் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்கள். மெட்ஃபார்மின் பி12 சத்தைக் குறைக்கும். அமிலம் இல்லாவிட்டால் சாப்பாட்டிலிருந்து பி12 பிரிந்து வருவதும் குறையும். இரண்டும் வருடக்கணக்கில் சேர்ந்து, ஆள் சைவமாகவும் இருந்தால், பாதம் மரத்துப்போவதைச் சக்கரையால் வந்தது என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்குச் சக்கரை இருந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12-ஐயும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னால், எப்படி நிறுத்துவது? இங்கேதான் பல பேர் வழுக்குகிறார்கள். வருடக்கணக்கில் அமிலத்தை அடக்கி வைத்தால் உடம்பு சும்மா இருக்காது. அமிலம் போதவில்லை என்று எண்ணி அதை ஊறவைக்கும் ஏற்பாட்டைப் பெருக்கி வைத்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தியதும் அது அத்தனையும் ஒன்றாகக் கிளம்பும். டென்மார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள், 2009-ல் வெளிவந்தது. வயிற்று நோயே இல்லாத 120 ஆரோக்கியமானவர்கள். ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம் மாதிரித் தொல்லைகள் வந்தன. வெறும் மருந்து சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். அதாவது இல்லாத நோயை மாத்திரை உண்டாக்கிவிட்டது! அம்மா நிறுத்தி நாலாம் நாள் ‘நெஞ்சு எரியுதுடா’ என்றால், ‘பாத்தீங்களா, கேஸ்ட்ரிக் இருக்கத்தான் செய்யுது’ என்று மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். சில வாரத்தில் தானாக அடங்கும், சிலருக்கு இரண்டு மாதம்வரை இழுக்கும். அதுவரை எரியும் நேரத்தில் மட்டும் சாதாரண வெள்ளை மருந்தோ, கடித்துச் சாப்பிடும் ஆன்டாசிட் மாத்திரையோ போதும். 40-ஐ 20 ஆக்கிச் சில வாரம் போய், பிறகு நிறுத்துவதும் ஒரு வழி. ஒரேயடியாக நிறுத்துவதும் ஒரு வழி. இரண்டில் எது மேல் என்று தீர்ப்பு வரவில்லை, 2022-ல் வந்த அமெரிக்கக் குடல் மருத்துவச் சங்கத்தின் ஆலோசனையும் இரண்டையும் ஏற்கிறது. பயந்த சுபாவம் உள்ள வயதானவர்களுக்கு நான் படிப்படியாகத்தான் சொல்வேன். மருந்தியல் காரணம் ஒன்றுமில்லை, மனசுக்காகத்தான்.

எரிச்சல் இரண்டு மூன்று மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மலேசியாவில் இந்தக் கிருமி நம் இந்தியர்களிடம்தான் அதிகம், மலாய்க்காரர்களிடம் ரொம்பக் குறைவு. ஊதிப் பார்க்கும் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே பாண்டொப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தியோ, விழுங்கச் சிரமமோ, காரணமில்லாமல் இளைத்தாலோ இந்தக் கதை எதையும் யோசிக்காமல் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அதுதானா என்பதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

ஆஸ்பத்திரிகளில் இதைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதும் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. நான் முதலில் வகுப்பு எடுத்தேன். ஹவுஸ்மேன்களை உட்கார வைத்து, 1994 கணக்கையெல்லாம் காட்டினேன். தலையாட்டினார்கள், ஒரு மாதம் நன்றாகவே குறைந்தது. ஹவுஸ்மேன்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறுவார்கள். புதுக் கூட்டம் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. அப்புறம் நிபுணர் ஒருவரின் சம்மதத்தோடு, வார்டு ரவுண்டில் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். மருந்துத் தாளில் பாண்டொப்ரசோல் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் இரண்டே சொல்: ‘காரணம்? எதுவரை?’ முதல் நாள் காலையிலேயே பாதிக்கு மேற்பட்ட கட்டில்களில் எழுத வேண்டியிருந்தது. காரணம் எழுதித் திரும்பி வந்தவை என் விரல்களுக்குள் அடங்கின. மீதியை அவர்களே அடித்துவிட்டார்கள், சண்டை எதுவும் வரவில்லை. வகுப்பைவிட இது நீடித்தது, ஆனால் நான் லீவில் போனால் நின்றுவிடும். கம்ப்யூட்டரில் மருந்து எழுதும் இடங்களில் காரணத்தையும் முடியும் தேதியையும் போடாமல் எழுதவே முடியாதபடி வைத்தால் நீண்ட நாள் நிற்கும். ஆளை நம்பி நடத்துவதைவிடத் தாளை நம்பி நடத்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றுமட்டும்: குறைப்பதே குறி என்று கிளம்பினால் வேண்டியவர்களுக்கும் கை வைத்துவிடுவோம். கார்டிபிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிட்ட ஒரு தாத்தாவுக்கு, என் சிவப்புப் பேனாவைப் பார்த்துப் பயந்து ஒரு ஹவுஸ்மேன் மருந்தை அடித்துவிட்டார். மறுநாள் கண்ணில் பட்டது, திரும்ப எழுத வைத்தோம். அதற்குப் பிறகு எங்கே மருந்து வேண்டியிருக்கிறதோ அங்கே பச்சைப் பேனாவில் ‘நிறுத்த வேண்டாம்’ என்றும் எழுத ஆரம்பித்தேன்.

கடைசியாக அம்மா விஷயம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும், வாசனைத் தைலம் முதற்கொண்டு, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தால் அதையும். டாக்டரிடம் மலாயில் இரண்டே கேள்வி: ‘இனி ஊபாட் உந்தோக் ஆப்பா, டொக்டர்? சம்ப்பாய் பீலா?’ இது எதற்கு, எதுவரை. டாக்டருக்கு நேரமில்லை என்றால் மருந்துக் கவுண்டரில் மருந்தாளரிடம் கேளுங்கள், அவரே டாக்டரைக் கூப்பிட்டுப் பேசுவார். அது அவர் வேலைதான்.

அதற்கு முன்னால் இன்னொன்று: அம்மா உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீடுவீடாகப் போய் மருந்து பார்க்கும் வேலையில் ஒருமுறை பழைய லயத்து வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். பாட்டி அலமாரிக்கு மேலிருந்து ஒரு மைலோ டின்னை இறக்கி என் மடியில் கவிழ்த்தார். அத்தனையும் பாண்டொப்ரசோல் அட்டை, மாதத்துக்கு ஒரு கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு மாத்திரைகூட உடைக்காமல். ‘வேணாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரு மிசி. அதான் குடுக்கிறத வாங்கிட்டு வந்து வச்சிருக்கேன்’ என்றார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தால் குப்பையில் கொட்டாதீர்கள், ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுக்கலாம், வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பாட்டிக்கு நிறுத்துவது எப்படி என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மருந்துச்சீட்டிலிருந்து ஒரு வரியை அடிக்கச் சொல்லி டாக்டருக்கு எழுதினேன், அவ்வளவுதான்.